சீட்டுக்குப் பணம் கட்டியவர் யார்?



“வெளிநாட்டில் ஓட்டல் வேலை. விசாவும் டிக்கெட்டும் முதலாளி பொறுப்பு. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.” இப்படிப்பட்ட செய்தி எட்டாத தோட்டமே இன்று இல்லை எனலாம். சிங்கப்பூர் என்கிறார்கள், லண்டன் என்கிறார்கள், துபாய் என்கிறார்கள். கைத்தொலைபேசியில் வரும் இச்செய்தி புதியது போலத் தோன்றினாலும் நம் குடும்பங்களுக்கு இது மிகப் பழைய செய்தியாகும். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வடஆர்க்காடு ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களில் நம் பாட்டன் பூட்டன் காதில் விழுந்ததும் ஏறக்குறைய இதே சொற்கள்தாம். அன்று கரும்புத் தோட்டம், ரப்பர்த் தோட்டம்; இன்று சமையற்கட்டு, ஓட்டல் அறை.

ஒருவர் பொறுப்பேற்று மற்றொருவரை அயல்நாட்டு வேலைக்கு அழைத்துக்கொள்ளும் இந்த முறை எவ்வாறு தொடங்கியது, எவ்வாறு மாறி வந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதனை அறிந்துகொள்ளப் பினாங்கு லிட்டில் இந்தியாவைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஜார்ஜ் டவுனில் லெபோ பினாங், லெபோ பாசார், லெபோ குவீன், லெபோ கிங் ஆகிய தெருக்களும், அருகிலுள்ள சூலியா தெருவும் சேர்ந்த வட்டாரமே லிட்டில் இந்தியா. லெபோ பாசாரை நம்மவர்கள் கடைத்தெரு என்றே அழைத்தார்கள். கப்பல் துறையிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரம். தீபாவளிக்குத் துணி எடுக்கவும், திருமணத்திற்கு நகை வாங்கவும் நாம் செல்லும் அதே தெருக்கள், நம் முன்னோர்களில் பல்லாயிரம் பேர் இந்த மண்ணில் முதன்முதலாகக் கண்ட தெருக்களுமாகும்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதன் பின்னர் சில ஆண்டுகளுக்குள்ளேயே சூலியர் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள் இங்கே கடை வைத்துவிட்டனர். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, வாணிகமும் கூலி வேலையும் செய்து, சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்று 1794இல் லைட் எழுதி வைத்திருக்கிறார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. குயின் தெருவின் மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. ஆக, இத்தெருக்களில் தொடக்கத்தில் நடமாடியவர்களில் பலர் வந்து போகும் மக்கள். காற்றின் பருவத்தோடு வந்து, காற்றின் பருவத்தோடு திரும்பினார்கள்.

பெருந்தோட்டங்கள் வந்ததும் இந்த நிலை மாறியது. பினாங்குக்கு எதிர்க்கரையில் அன்று புரொவின்ஸ் வெல்லஸ்லி என்று அழைக்கப்பட்ட செபராங் பிறையில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. துரைமார்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழ்நாட்டிலோ நிலமில்லாத உழைப்பாளிக்குக் கப்பல் கட்டணம் கட்ட வழியில்லை. வேலை ஒரு கரையில், ஆள் மறுகரையில், நடுவே கடல். அந்தக் கடலைக் கடக்கும் செலவை யார் கொடுப்பது? நேயர்களே, நம் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுவே.

முதல் விடை, சஞ்சிக்கூலி முறை. ஆள் சேர்க்கும் வணிகரோ தோட்டமோ கப்பல் செலவைக் கொடுக்கும். தொழிலாளி மூன்றாண்டு, சில காலங்களில் ஐந்தாண்டு வரை, அந்தத் தோட்டத்திலேயே உழைப்பதாக ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைப்பார். முன்பணம் முழுவதும் சம்பளத்தில் கழிக்கப்படும். காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம் இல்லை. கடன் மட்டும் அப்படியே நிற்கும். தாங்க முடியாமல் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம், பிடிபட்டால் சிறை. இந்தியச் சட்டம் 1872இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஆள் அனுப்ப வழிவிட்டது. அதற்குப் பின்னர் பதிவும் மேற்பார்வையும் வந்தன. ஆயினும் கடனுக்காக ஆளைக் கட்டி வைக்கும் அடிப்படை மாறவில்லை. 1910இல்தான் மலாயாவில் சஞ்சிக்கூலி முறையை நிறுத்த முடிவு செய்யப்பட்டது.

இரண்டாவது விடை, கங்காணி முறை. கங்காணி தோட்டத்திலேயே வேலை செய்தவர். துரை கொடுத்த உரிமத்துடன் சொந்த ஊருக்குப் போவார். தம் சாதி சனத்தையும் தெரிந்தவர்களையும் அழைத்து வருவார். சட்டப்படி இந்தத் தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம். ஆனால் நடப்பு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அழைத்து வந்தவர் மாமன் முறை, அண்ணன் முறை. ஊரில் அடைத்த கடனும் வழிச்செலவும் அவர் கணக்கில் இருக்கும். தம் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஆள் விலகினால் அவருக்கு நட்டம். உறவும் கடனும் ஒரே கயிற்றில் திரிக்கப்பட்டபடியால் அதை அறுப்பது கடினமாயிற்று.

இவ்விடத்தில் 1907ஆம் ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி ஒவ்வொருவரும், அவர் புதிதாக ஆள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், தலைக்கு இவ்வளவு என்று இந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் இருந்த முகாம்களின் செலவு, ரயில் கட்டணம், கப்பல் டிக்கெட்டு, நோய்த்தடுப்பு முகாமில் சாப்பாடு ஆகிய எல்லாம் இந்தப் பொதுப் பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டன. பினாங்குக்கு வந்தவர்கள் பூலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்கிவிட்டு, கப்பல் கடன் இல்லாதவர்களாகத் தோட்டத்திற்குப் போனார்கள்.

துரைமார் இதனைக் கருணையால் செய்ததாக எண்ண வேண்டா. ரப்பருக்கு ஆள் போதவில்லை. ஒருவர் செலவழித்துக் கொண்டுவந்த ஆட்களை மற்றொருவர் இழுத்துக்கொள்வது பெரும் சண்டையாக இருந்தது. அந்தச் சண்டையைத் தீர்க்கவே செலவைப் பொதுவாக்கினார்கள். எனினும் நமக்கு விளைந்த நன்மை பெரிது. டிக்கெட்டு யார் தலையிலும் கடனாக எழுதப்படாத காரணத்தால், பின்னாளில் கங்காணியின் துணையே இல்லாமல் நேரே முகாமுக்கு வந்து கப்பலேறியவர்களின் தொகையும் பெருகியது. அந்த நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, 1999இல் கலைக்கப்பட்டது.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின்கீழ் மேலும் சில கட்டுப்பாடுகள் வந்தன. கங்காணியின் உரிமத்தைக் கிராம முன்சீப்பு பார்க்க வேண்டும்; இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் மலாயாவில் இருந்து தொழிலாளர் நிலையைக் கவனிக்க வேண்டும். ஆயினும், 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது அழைத்தவர்களே திருப்பி அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊருக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1936இன் இறுதியில் இங்கு வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியார், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது இனி வேண்டியதில்லை என்று அறிக்கை தந்தார். சம்பளக் குறைப்பின் தொடர்பாக எழுந்த பிணக்கில், 1938 ஜூன் 15 முதல், பிறர் செலவில் உடலுழைப்பாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடை செய்தது.

இனி, கடைத்தெருவுக்குத் திரும்புவோம். தோட்டத்திற்கு வந்தவர்களைப் பற்றிப் புத்தகங்கள் பல உண்டு. சாப்பாட்டுக்கடைக்கு வந்தவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. இராமநாதபுரம், நாகூர், காரைக்கால், கடையநல்லூர், தென்காசி ஆகிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களில் சிலர், மூங்கில் கழியின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, காவடிபோல் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அந்தக் கழியின் மலாய்ப் பெயரால்தான் நாசி கண்டார் என்ற உணவு பெயர் பெற்றது. மேலே கண்ட நிதி ஏற்பட்ட அதே 1907ஆம் ஆண்டு, இன்றும் கேம்பல் தெருவில் நடந்துவரும் ஹமீதியா உணவகம் தொடங்கப்பட்ட ஆண்டுமாகும்.

இந்தக் கடைகளுக்கு உரிமம் பெற்ற கங்காணி கிடையாது. மாமன் கடைக்கு மருமகன் வருவார். அண்ணன் கடைக்குத் தம்பி வருவார். இந்தியர் அன்று பிரிட்டிஷ் பிரஜைகளாக இருந்தபடியால், சொந்தச் செலவில் வருபவருக்குத் தடையில்லை. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் மேல்தளப் பிரயாணியாக வந்து இறங்கினால் போதும். உறவினர் டிக்கெட்டு எடுத்துக் கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொள்வார். உறக்கமும் உணவும் கடையிலேயே. பக்கத்துத் தெருவில் செட்டியார் வட்டிக்கடைகளின் ஏற்பாடு சற்று வேறு விதமானது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் ஆட்கள் வருவார்கள். மூன்றாண்டுத் தவணை, அதற்கான சம்பளம் எல்லாம் ஊரிலேயே பேசி முடிக்கப்படும். தவணை முடிந்ததும் ஊர் திரும்பலாம். என்ன வேலை, எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம் என்பது புறப்படுமுன்னரே தெரிந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1953 ஆகஸ்டில் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு டிக்கெட்டு இருந்தால் மட்டும் போதாது என்றாயிற்று. இன்ன முதலாளியிடம் இன்ன சம்பளத்தில் வேலை என்ற ஒப்பந்தம் போன்றவை இருந்தால்தான் வெளியார் உள்ளே வரலாம். முதலாளியின் பொறுப்பில் விசா என்று இன்று நாம் சொல்லும் முறை இந்நாட்டில் இப்படித்தான் வேர்விட்டது. அடுத்து 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட்டு எடுக்க வேண்டும் என்றது அச்சட்டம். சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டத்தில் முப்பது ஆண்டு உழைத்தவர்களும் பெர்மிட்டுக்காக அலைந்தார்கள். குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் விட்டவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சான்று காட்ட முடியாதவர்கள் எனப் பல்லாயிரம் பேர் 1969இலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். பிள்ளை ஒரு கரையிலும் தாய் மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. ஒரு தாளின் மதிப்பை நம் சமுதாயம் கண்ணீரோடு கற்றுக்கொண்ட காலம் அது.

இன்றைய நிலையைப் பார்ப்போம். 2008இல் ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் சேர்ந்து உலகப் பாரம்பரிய நகரமாக ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பால் ஏற்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் பெருகினர், சாப்பாட்டுக்கடைகளும் பெருகின. நம் நாட்டு இந்திய உணவகங்களில் தோசைக்கல்லின் முன் நிற்பவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவராக இருப்பார். அவரை அழைக்க முதலாளி முதலில் அரசிடம் ஒப்புதல் பெற வேண்டும். அதன் பின்னரே விசா வரும். வந்த பிறகு மருத்துவச் சோதனை. அதற்கும் பிறகு தற்காலிக வேலை பெர்மிட்டு. அந்தப் பெர்மிட்டு அந்த முதலாளிக்கும் அந்தத் தொழிலுக்கும் உரியது. அரசு அனுமதித்தால் அன்றி வேறு கடைக்கு மாற முடியாது. வேலையை விட்டு வெளியேறினால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும்.

சட்டம் அவருக்குச் சில பாதுகாப்புகளையும் தந்திருக்கிறது. அந்நியத் தொழிலாளருக்கான லெவியை முதலாளியே ஏற்க வேண்டும் என்ற விதி 2018 முதல் உள்ளது. மற்றவரின் கடப்பிதழைச் சட்டபூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் கட்டாய உழைப்பு தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டு, 1,00,000 ரிங்கிட்டு வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று ஆகியிருக்கிறது. இந்தியாவிலும், பதிவு பெற்ற ஏஜெண்டு ஒரு தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது அரசின் விதி. ஆனால் நகையை அடகு வைத்தும், வட்டிக்குக் கடன் வாங்கியும், இதைவிடப் பன்மடங்கு கட்டிவிட்டு வருபவர்கள் பலர். அக்கடன் தீரும்வரை சட்டப் புத்தகத்தில் எந்த உரிமை எழுதியிருந்தாலும் அவர் வாய் திறக்க அஞ்சுவார். அப்படிப்பட்டவரை நம்மில் சிலர் ‘ஊர்க்காரன்’ என்று இளப்பமாகப் பேசுவதைக் கேட்கிறோம். நம் பாட்டன் வந்த பாதை எது என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு பேச மாட்டார்கள்.

இப்போது நம் பிள்ளைகளும் இந்தப் பாதையில் மறுபடி கால் வைக்கிறார்கள். ஓட்டல் தொழில் இழிவானதன்று. சமையலும் உபசரிப்பும் முறையாகக் கற்று, மலேசியத் திறன் சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு எங்கும் மதிப்புண்டு. ஆனால் 2022 முதல் நாம் கேட்டுவரும் செய்திகளையும் மறக்கலாகாது. பெரிய சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்ற நம் நாட்டு இளைஞர்கள் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அரசு தலையிட்டுப் பலரை மீட்க வேண்டியதாயிற்று.

வேலைக் கடிதத்தோடு பெற்றோர்கள் எங்களிடம் வரும்போது, மேலே கண்ட வரலாற்றிலிருந்து எடுத்த மூன்று கேள்விகளையே நாங்கள் கேட்கிறோம்.

முதலாவது: பயணச் செலவைக் கட்டுபவர் யார், அது யார் கணக்கில் எழுதப்படுகிறது? முதலாளி கட்டுகிறார் என்றால், பின்னர் சம்பளத்தில் கழிப்பாரா என்று எழுத்தில் இருக்க வேண்டும். தனியார் வேலை நிலையங்கள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதே 1997இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் நிறைவேற்றிய உடன்படிக்கையின் பொது விதி. எல்லா நாடுகளும் அதனை ஏற்கவில்லை. சிங்கப்பூரில் ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்திற்கு உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேல் கூடாது.

இரண்டாவது: தாள் யார் பெயரில், யார் கையில்? “முதலில் சுற்றுலா விசாவில் போய்விடு, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பிரிட்டனில் வெளிநாட்டவரைப் பொறுப்பேற்று அழைக்க உரிமம் பெற்ற முதலாளிகளின் பட்டியலை அந்நாட்டு அரசே யாவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. சிங்கப்பூரில், ஆள் புறப்படுமுன் அரசின் முன்ஒப்புதல் கடிதம் வரும். சம்பளமும் கழிவுகளும் அதில் எழுதியிருக்கும். நம் நாட்டில் ஆள் சேர்க்கும் நிலையத்திற்கு 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உண்டா என்று தொழிலாளர் இலாகாவில் கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

மூன்றாவது: விலக வேண்டுமானால் வழி என்ன? எத்தனை நாள் முன்னறிவிப்பு, திரும்பி வர டிக்கெட்டு யார் செலவு, இடையில் விலகினால் அபராதம் உண்டா? சஞ்சிச்சீட்டில் கைநாட்டு வைத்தவருக்கு இதைக் கேட்க உரிமையும் இல்லை, படிக்க எழுத்தும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு இரண்டும் உண்டு.

கடப்பிதழ், ஒப்பந்தம், பெர்மிட்டு ஆகியவற்றின் நகல் ஒவ்வொன்றும் வீட்டில் இருக்கட்டும். அங்குள்ள மலேசியத் தூதரகத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பிள்ளையின் கையிலும் தாயின் கையிலும் இருக்கட்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால், கையெழுத்துப் போடுமுன் அருகிலுள்ள பள்ளி ஆசிரியரிடமோ தொழிற்சங்கத்திடமோ காட்டி, ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போது பிள்ளைகளைத் துறைமுகத்திலிருந்து கடைத்தெருவரை நடத்தி அழைத்துச் செல்லுங்கள். அவர்களின் பூட்டனுக்கு யார் டிக்கெட்டு எடுத்தார்கள் என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால், அதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.